அரைத்த கை ஊற்றாது

அந்த வீட்டில் மாதத்துக்கு ஒரு பவுடர் டப்பா தீர்ந்துபோகும். ஆனால் வீட்டுக்காரி ஒருநாளாவது முகத்துக்குப் பவுடர் பூசி யாரும் பார்த்ததில்லை. எதிர்க்கடைக்காரர் டப்பாவை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம், "வாங்குறதுதான் தெரியுது, எங்க பூசுறீங்கன்னு தெரியலையே," என்பார். "இரும்புக்கு," என்பாள் அவள். அது உண்மை என்று தெரிந்தும் அவர் சிரிப்பார். வண்டிக்காரர்கள் அவளுக்குப் பவுடரக்கா என்று பெயர் வைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவளை விட மூத்த லாரிக்காரர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. அதற்குத் தகரக் கூரை, சிமெண்டுத் தரை, தெருவைப் பார்த்த இரட்டைக் கதவு. உத்தரத்தில் கனமான ஹெட்டுகளைச் சங்கிலி இழுத்துத் தூக்குகிற ஒரு செயின் பிளாக் தொங்கும். அதை ஒட்டிய அறை சமையலறை. இரண்டுக்கும் நடுவே கதவு கிடையாது, நிலை மட்டும்தான். அதனால் சமையலில் மண்ணெண்ணெய் வாடை, பட்டறையில் தாளித்த வாடை. வருகிறவர்களுக்கு முதலில் ஒரு மாதிரியாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

புருஷனை எல்லோரும் ஹெட்காரர் என்பார்கள். என்ஜினின் மேல்பாகத்துக்கு ஹெட் என்று பேர். அதைத்தவிர வேறு வேலை அவர் எடுப்பதில்லை. புதிதாக வந்த தபால்காரர் ஒருவர் அவரைப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் என்று நினைத்துக்கொண்டு ஆறு மாதம் வணக்கம் வைத்தார். இவரும் மறுக்காமல் திருப்பி வணக்கம் வைத்தார்.

ஹெட்டில் வால்வுகள் இருக்கும். காற்றை உள்ளே விடவும் புகையை வெளியே தள்ளவும் திறந்து மூடுகிற கதவுகள் அவை. வட்டமான வால்வு, அது உட்காருகிற வட்டமான சீட். இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் என்ஜின் இருமும், இழுக்காது. அந்த இடைவெளியைப் போக்கத்தான் அரைப்பு. வால்வின் விளிம்பில் கொரகொரப்பான அரைப்பு பேஸ்ட் தடவி, ரப்பர் கிண்ணம் வைத்த குச்சியை அதன் தலையில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே மோர் கடைகிற மாதிரி உருட்ட வேண்டும். முதலில் கரகரவென்று சத்தம் வரும். பிறகு சரசரவென்று இறங்கும். கடைசியில் சத்தமே இருக்காது. அப்போது துடைத்துப் பார்த்தால் வால்விலும் சீட்டிலும் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் விழுந்திருக்கும்.

வளையம் விழுந்தால் மட்டும் போதாது, ஊற்றிப் பார்க்க வேண்டும். ஹெட்டை இரண்டு மரக்கட்டைகள் மேல் பக்கவாட்டில் சாய்த்து, வால்வுக்குப் பின்னால் இருக்கிற துளைகளில் மண்ணெண்ணெயை நிரப்புவார்கள். முன்பக்கத்தைத் துணியால் துடைத்து, வால்வைச் சுற்றிப் பவுடரை ஒற்றுவார்கள். எங்கேயாவது கசிந்தால் வெள்ளைப் பவுடரில் கருப்பாக ஈரம் தெரியும், கசியாவிட்டால் வால்வு பிடிக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் நான்கு, திருப்பிப் போட்டு நான்கு.

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கு அந்த வீட்டில் கடிகாரம் பார்ப்பதில்லை. அவள் அடுப்பில் உலை வைத்து அரிசி போட்டுவிட்டு வந்து ஊற்றுவாள். சோறு வெந்து வடித்துவிட்டு வந்து பார்ப்பாள். இடையில் அவர் பொறுக்காமல், "என்ன, பிடிக்குதா?" என்று கேட்டால், "இருங்க, சோறு வேகட்டும்," என்பாள். பத்தொன்பது வருஷமாக இதே கேள்வி, இதே பதில்.

ஊற்றுவது அவள் வேலையானதற்கு ஒரு காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் அவரே அரைத்து, அவரே ஊற்றி, நன்றாக இருக்கிறது என்று ஒரு ஹெட்டை அனுப்பினார். நான்காம் நாள் அது திரும்பி வந்தது. மறுபடி ஊற்றினார். அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தவளை ஈரக்கையோடு கூப்பிட்டு, "இங்க வந்து பாரு, உனக்கு என்ன தெரியுது?" என்றார். அவளுக்கு வால்வும் தெரியாது, சீட்டும் தெரியாது. "இந்த ஓரத்துல ஈரமா இருக்கே," என்றாள். அன்றைக்குத்தான் அவர் சட்டம் போட்டார். அரைத்த கை ஊற்றக் கூடாது. தான் செய்ததைப் பார்க்கிற கண் தனக்குச் சாதகமாகத்தான் பார்க்கும் என்பது அவர் கட்சி. அன்றிலிருந்து வால்வுக்குப் பக்கத்தில் குறி போடும் சாக்குக்கட்டி அவள் கையில். பிடித்தால் டிக், கசிந்தால் வட்டம். வட்டம் போட்டால் அவர் வாயைத் திறக்காமல் குச்சியை எடுத்துக்கொண்டு மறுபடி உட்காருவார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததில் ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு இடி விழுந்தது. ஹெட் ஒன்றை ஆள் வைக்காமல் தானே தூக்கி இறக்கப் போய், வாசற்படியில் கால் தடுக்கி, வலது மணிக்கட்டின் மேலேயே அதைப் போட்டுக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது கை வெளிறி, மற்றக் கையின் தம்பி மாதிரி இருந்தது. டம்ளரைத் தூக்கும், சட்டைப் பொத்தானைப் போடும். குச்சியை ஐந்து நிமிஷம் உருட்டினால் நடுங்கும்.

வட்டங்கள் கூடின. எட்டு வால்வில் இரண்டு, மூன்று. அவர் மறுபடி அரைப்பார், மறுபடி வட்டம். ஒருநாள் டிராக்டர் ஹெட் ஒன்றில் ஒரே வால்வுக்கு மூன்றாம் முறை வட்டம் போடச் சாக்குக்கட்டியை எடுத்தவளுக்குக் கை வரவில்லை. அவர் சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் படுத்திருந்தார். பகல் தூக்கம் ஒரு மணி நேரம், அதற்கு ஒரு நிமிஷம் முன்னே எழுந்திருக்க மாட்டார். அவள் வால்வைப் பிடித்திருக்கிற ஸ்பிரிங்கைக் கழற்றி, பேஸ்ட் தடவி, குச்சியைத் தானே உருட்டினாள். பத்தொன்பது வருஷம் பார்த்தது கையில் இருந்தது. மாட்டினாள், ஊற்றினாள். பவுடர் வெள்ளையாகவே இருந்தது. டிக் போட்டாள்.

எழுந்து வந்தவர் அந்த டிக்கைப் பார்த்தார். டீயை வாங்கிக்கொண்டு போய்த் தெருவைப் பார்த்து நின்று குடித்தார். கட்டைப் பிரித்த நாளிலிருந்து கூனியிருந்த தோள் அன்றைக்குத்தான் நிமிர்ந்தது. அதைப் பார்த்த பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. காதும் காதும் வைத்த மாதிரி நடந்தது. ஏழு மாதத்தில் வந்த ஹெட் பன்னிரண்டு. அதில் பதினொன்றில் இரண்டோ மூன்றோ வால்வுகள் அவள் அரைத்தவை.

பன்னிரண்டில் ஒன்று மட்டும் முழுக்க முழுக்க அவர் கை. அது அவள் தம்பியுடைய பால் வண்டியின் ஹெட். அன்றைக்கு எட்டுக்கு எட்டும் முதல் ஊற்றிலேயே பிடித்தது. அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள், பொட்டு ஈரம் இல்லை. அவளுக்கு வந்த சந்தோஷத்தில் சோறு குழைந்துபோனது.

அந்த ஹெட்தான் மூன்று வாரத்தில் திரும்பி வந்தது.

தம்பி அதைச் சாக்கில் சுற்றி, இன்னொருவன் உதவியோடு இறக்கி வைத்தான். மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தகரம் காய்ந்து பட்டறைக்குள் அனல் அடித்தது. அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். வியர்வை மட்டும் காரணமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"மச்சான், தப்பா நினைச்சுக்காதீங்க."

"சொல்லு மாப்ள."

"காலையில எடுக்கும்போது நல்லாத்தான் இருக்கு. பாலை ஏத்திக்கிட்டு பத்து மைல் போனா உதற ஆரம்பிக்குது. மூணாவது சிலிண்டர்ல கம்ப்ரஷன் இல்லைன்னு மெக்கானிக் சொல்றான்."

"கேஸ்கட்டு பாத்தானா?"

"பாத்தாச்சு மச்சான். புகைப் பக்கத்து வால்வுதான் விடுதாம்."

ஹெட்காரர் தலையை ஆட்டினார். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அது அவருக்குப் புதிதாக வந்த பழக்கம்.

"வண்டி நிறுத்துற யார்டுல பேசிக்கிறாங்க," என்றான் தம்பி. "நான் பேசல. ஆனா காதுல விழுதுல்ல? கை பழைய மாதிரி இல்ல, பாவம், இன்னும் எதுக்குப் போட்டு வருத்திக்கிறாருன்னு. மெயின் ரோட்டுல புதுசா மெஷின் வச்சிருக்கான். கையாலயே தொடறதில்லையாம்."

"அங்க கொண்டுபோக வேண்டியதுதான?" என்றாள் அவள் நிலையில் நின்றபடி.

"அக்கா, நீ ஒண்ணு. நான் அங்க போனா என் பின்னாலயே யார்டு வண்டி அத்தனையும் போயிரும். அதுக்காகத்தான இங்க தூக்கிட்டு வந்தேன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வாடகை வண்டி பேசியிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது."

அவன் போன பிறகு ஹெட்காரர் அந்த மூன்றாவது வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வளையம் அழகாக இருந்தது. "வளையம் சரியாத்தான இருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் கையைப் பார்த்தார். குச்சியை எடுத்தார்.

அன்று சாயங்காலம் ஊற்றினாள். மூன்றாவது கசிந்தது, வட்டம். மறுநாள் காலையில் அரைத்தார். ஊற்றினாள், வட்டம். நடுங்கும்போதெல்லாம் நிறுத்தி, கையைத் தொடையில் தேய்த்துவிட்டு மறுபடி உருட்டினார். பதினொரு மணிக்கு மூன்றாவது வட்டம்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறும் பருப்பும் ஆளுக்கொரு அவித்த முட்டையும். அவர் முட்டையை இரண்டாக்கி ஒரு பாதியை அவள் தட்டில் வைத்தார். அவருக்குப் பசி இல்லையென்றால் அப்படித்தான் செய்வார்.

"தூங்கி எழுந்து இன்னொரு தடவை உருட்டிப் பாக்குறேன்," என்றார். "அதுவும் கசிஞ்சா முன்கதவை மூடிடலாம்."

"மூடிட்டு?"

"பால் கம்பெனியில ராத்திரி வாட்ச்மேன் கேக்குறாங்களாம். உக்காந்துதான இருக்கணும். அதுக்கு மணிக்கட்டு வேண்டாம்."

இந்த மனுஷன் ஒரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட வால்வு ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தவர்.

அவர் படுத்ததும் தட்டுகளைக்கூடக் கழுவாமல் பட்டறைக்கு வந்தாள். சாய்ந்திருந்த ஹெட்டை இரும்புக் குழாய் கொடுத்து நெம்பிப் புரட்டினாள். ஸ்பிரிங்கை அமுக்கி, லாக்குகளை எடுத்து, மூன்றாவது வால்வை உருவினாள். முதலில் கொரகொரப்பான பேஸ்ட், பிறகு மை மாதிரியான பேஸ்ட். சத்தம் அடங்குகிற வரை உருட்டினாள். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. துடைத்து, மாட்டி, சாய்த்து, ஊற்றினாள். பவுடரை ஒற்றிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். உலை வைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வால்வின் ஓரத்தில் ஒரு கருப்புப் புள்ளி விழுந்தது. அது மெல்ல அரிசி அளவு ஆனது.

அவள் அரைத்து இதுவரை ஒன்றுகூடக் கசிந்ததில்லை. நம் கைக்கும் வந்துவிட்டதா என்று உள்ளங்கைகளைப் பார்த்தாள். பிறகு புள்ளியைப் பார்த்தாள். பக்கத்து வால்வைப் பார்த்த ஓரம். நேற்றுச் சாயங்காலம் எங்கே விழுந்தது? அதே ஓரம். காலையில்? அதே ஓரம். வால்வு ஒவ்வொரு முறையும் எப்படி எப்படியோ திரும்பித்தான் உட்காருகிறது. அரைப்பில் குறை என்றால் ஈரமும் இடம் மாறியிருக்க வேண்டும். அரைத்தது அவர், பிறகு அவள். கை மாறியது, வால்வு திரும்பியது. மாறாதது இரும்பு ஒன்றுதான்.

வால்வை மறுபடி உருவினாள். மண்ணெண்ணெயை வடித்து, முன்பக்கத்தையும் சீட்டையும் காய்ந்த துணியால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். பவுடரை மூச்சு விடாமல் தூவினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வெள்ளையில் ஒரு கோடு ஊறி வந்தது. தலைமுடி கனம், விரல் நகத்தின் நீளம். சீட்டிலிருந்து புறப்பட்டுப் பக்கத்து வால்வைப் பார்த்துப் போய் நடுவில் நின்றது.

விரிசல். குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொண்டு, சூடானால் வாய் திறக்கிற விரிசல். மூன்று வாரத்துக்கு முன் அது பிறந்திருந்ததோ இல்லையோ, ஓடி ஓடி இப்போது பெரிதாகியிருந்தது. அவர், அவள், தம்பி, மெக்கானிக், யார்டு முழுக்க, எல்லோரும் ஏழு மாதமாக ஒரு மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரும்பைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வேறு யாராவது அரைத்த ஹெட்டாக இருந்திருந்தால் அவரே முதல் வட்டத்திலேயே விரிசலைத் தேடியிருப்பார்.

அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையில் முகத்தைத் துடைத்ததில் பவுடர் ஒட்டிக்கொண்டது. உள்ளே போய் அவரை எழுப்பினாள். தூக்கத்தில் அவரை எழுப்பியது பத்தொன்பது வருஷத்தில் அதுதான் முதல்தடவை.

"என்ன, தீப்பிடிச்சிருச்சா?" என்று எழுந்து வந்தவர் கோட்டைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"ஈரம் ஒரே இடத்துலயே விழுந்துச்சு. அதான் வால்வை எடுத்துட்டுத் துடைச்சுப் பவுடர் போட்டேன்."

பொய்யில்லை. அரைத்ததை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இப்போது இல்லை என்று நினைத்துக்கொண்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "உனக்குமா விரிசல், பவுடர் பூசியிருக்க?" என்றார். அவர் கேலி பேசி ஏழு மாதம் ஆகியிருந்தது. அவள் சிரித்தாள்.

நான்கு மணிக்குத் தம்பி வந்தான். கோட்டைக் காட்டினார்கள். அவன் வாயில் ஈ போனது தெரியாமல் நின்றான்.

"அப்போ உங்க அரைப்பு..."

"அரைப்புக்கு என்ன மாப்ள? வளையத்தைப் பாரு, உன் கல்யாண மோதிரம் கூட இவ்வளவு ரவுண்டா இருக்காது. இந்த ஹெட்டு ஆகாது. வேற ஹெட்டு தேடு. நான் அரைச்சுத் தர்றேன்."

"மெக்கானிக் வாயில மண்ணைப் போடணும் மச்சான். இருங்க, யார்டுல நானே சொல்றேன்." அவன் குற்ற உணர்ச்சியில் என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தான். "ரொட்டிக் கம்பெனி வண்டி ஹெட்டு ஆறு கழட்டிப் போட்டிருக்காங்க. மெஷின்காரன்கிட்ட கொடுக்கத்தான் இருந்தாங்க. இங்க அனுப்பச் சொல்லவா?"

"ஆறா?"

"ரெண்டு வாரத்துல வேணுமாம்."

ஹெட்காரர் வலது கையை ஒருமுறை மூடித் திறந்தார். "அனுப்பச் சொல்லு," என்றார். "பத்து நாள்ல தர்றேன். ஏழு மாசத்துல பன்னெண்டு ஹெட்டு முடிச்சிருக்கேன். இதைத் தவிர ஒண்ணு திரும்பி வந்துச்சா? கை கையின்னு நானே பயந்துக்கிட்டு இருந்திருக்கேன் மாப்ள. கைக்கு ஒண்ணுமில்ல. பயம்தான்."

அவள் சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். வடிகட்டி டம்ளரை விட்டு விலகி டீ மேடையில் ஓடியது. ஆறு ஹெட், நாற்பத்தெட்டு வால்வு, பத்து நாள். மதியத் தூக்கம் ஒரு மணி நேரம்.

தம்பி போனதும் அவர் பெஞ்சைத் துடைக்க ஆரம்பித்தார். உதட்டுக்குள் ஏதோ பாட்டு. அவள் நிலையில் வந்து நின்றாள்.

"அந்த ஆறையும் எடுக்காதீங்க."

"ஏன்?"

"உங்களால முடியாது."

அவர் துணியைக் கீழே வைத்தார்.

"பன்னெண்டுல தம்பியோடது ஒண்ணுதான் முழுசா நீங்க அரைச்சது," என்றாள். நிலையைப் பிடித்துக்கொண்டாள். "மத்த பதினொண்ணுலயும் வட்டம் போட வேண்டியதை நான் அரைச்சேன். நீங்க தூங்கும்போது. இன்னைக்கு இதையும் அரைச்சுத்தான் பாத்தேன். நான் அரைச்சும் கசிஞ்சதாலதான் விரிசல்னு தெரிஞ்சுது."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். வெளியே தெருவில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் முகத்தில் முதலில் வந்தது அவமானம்தான். காதுவரை சிவந்தது. அவள் அதற்குத் தயாராக இருந்தாள். கத்துவார், குச்சியைத் தூக்கி எறிவார், இரண்டு நாள் சாப்பிட மாட்டார் என்று எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்திருந்தாள். அவர் கேட்ட கேள்வியை மட்டும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

"அதை யாரு ஊத்துனா?"

"எதை?"

"நீ அரைச்சதை."

"நான்தான். வேற யாரு இருக்கா?"

"அரைச்சதும் நீ, ஊத்துனதும் நீ."

அவள் கை நிலையிலிருந்து இறங்கியது.

"அப்போ பத்து ஹெட்டு யாரும் பாக்காம இந்த வாசலைத் தாண்டியிருக்கு," என்றார். சத்தம் போடவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "கை போனது எனக்குத் தெரியாதா? டம்ளர் பிடிக்கும்போது தெரியாதா? கை எப்படியோ போகட்டும், தப்பா அரைச்சாலும் வட்டம் போட அவ கண்ணு இருக்குன்னு தைரியமா உக்காந்திருந்தேன். நீ டிக் போட்டா நான் திரும்பிக்கூடப் பாத்ததில்ல."

"ஒண்ணும் திரும்பி வரலையே."

"இன்னும் வரல."

மூலையில் ஒரு ஹெட் சாக்குப் போர்த்திக் கிடந்தது. அவள் சொன்ன பதினொன்றில் கடைசி. அரவை மில்காரருடையது, மறுநாள் காலையில் எடுக்க வருவதாக இருந்தது. எட்டு டிக். அதில் நான்காவதும் ஏழாவதும் அவள் அரைத்தவை. அவர் செயின் பிளாக்கை இழுத்து அதைத் தூக்கிக் கட்டைகளின் மேல் சாய்த்தார். உதவிக்கு வந்தவளைக் கையால் தடுத்தார்.

"நீ போய் உலை வை."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் போய் வைத்தாள். அரிசியைக் களைந்து போட்டுவிட்டு நிலைக்கு வந்தபோது அவர் இடது கையால் கேனைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தார். பாதி தரையில் சிந்தியது. பவுடரை அவருக்கு ஒற்றத் தெரியவில்லை. மாவு சலிக்கிற மாதிரி கொட்டினார்.

அவளுக்கு முதலில் கோபமாகத்தான் இருந்தது. ஏழு மாதம் ஒரு பேச்சு இல்லாமல் தோள் கொடுத்தவளைக் கள்ளனைப் பிடித்த மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறாரே என்று. சோறு கொதிக்கிற சத்தம் கேட்டது. கோபம் மெல்ல வேறொன்றாக மாறியது. பிடிக்குமா, பிடிக்காதா? பத்தொன்பது வருஷமாக அந்த முக்காலியில் உட்கார்ந்து இந்த மனுஷன் பட்டது இதுதானா என்று நினைத்துக்கொண்டாள்.

வடித்துவிட்டு வந்தாள். முதல் பக்கம் நான்கும் வெள்ளை. ஹெட்டைத் திருப்பிப் போட்டு ஊற்றினார். இருட்ட ஆரம்பிக்கும் முன் விளக்கைப் போட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் குனிந்தே இருந்தார்.

"இங்க வந்து பாரு," என்றார். "உனக்கு என்ன தெரியுது?"

அவள் போய்ப் பார்த்தாள். ஏழாவதின் அடிப்பக்கத்தில், கடுகில் பாதிகூட இல்லாத ஒரு ஈரம். துடைத்துவிட்டு மறுபடி பவுடர் போட்டார். மறுபடி வந்தது, இம்முறை அடியில் இல்லை, மேலே. இடையில் வால்வைத் திருகிவிட்டிருந்தார் அவர். அப்படியென்றால் இது விரிசல் இல்லை. அரைப்பு.

"நேத்து நீ ஊத்துனப்போ இது இருந்துச்சா?"

இருந்தது. அவள் பார்த்தாள். நெற்றியிலிருந்து சொட்டிய வியர்வையாக இருக்கும் என்று நினைத்தாள். அவர் எழுந்திருக்கிற நேரமும் ஆகிவிட்டிருந்தது. அவர் அரைத்ததில் அப்படி ஒரு பொட்டு தெரிந்திருந்தால் யோசிக்காமல் வட்டம் போட்டிருப்பாள்.

"இருந்துச்சு," என்றாள். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

அவர் டிக்கை உள்ளங்கையால் அழித்தார். சாக்குக்கட்டியை இடது கையில் பிடித்து வட்டம் போட்டார். வட்டம் கோழிமுட்டை மாதிரி கோணலாக வந்தது.

"மத்த பத்து பேரையும் நாளைக்குப் போய்ப் பாக்கணும்," என்றார். "வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி நின்னு கேக்கணும். சந்தேகம் இருக்கறதைக் கழட்டிக் கொண்டுவரணும்."

"நானும் வர்றேன்."

"நீ வராம? எதுல எது நீ அரைச்சதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த ஆறு ஹெட்டு?"

அவர் குச்சியை எடுத்து அவளிடம் நீட்டினார். முக்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காரு. அரை. எனக்கு முன்னால."

அவள் உட்கார்ந்தாள். இதுவரை எப்போதும் ஒரு காதை உள்ளறைப் பக்கம் வைத்துக்கொண்டுதான் உருட்டியிருக்கிறாள். இப்போது அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். "குச்சியை அழுத்தாத. அதோட கனமே போதும்," என்றார் ஒருமுறை. அப்புறம், "உன் பிடி என்னை விட நல்லாத்தான் இருக்கு," என்று ஹெட்டைப் பார்த்துச் சொன்னார். கரகரப்பு சரசரப்பாக இறங்கி, அதுவும் அடங்கியது. துடைத்தாள், மாட்டினாள். கேனை எடுக்கப் பழக்கத்தில் கை நீட்டினாள். அவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஊற்றினார். இம்முறை குறைவாகச் சிந்தியது. பவுடரை அவளைப் பார்த்துப் பார்த்து ஒற்றினார். பிறகு தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, நடுங்குகிற கையை மடியில் வைத்துக்கொண்டு, கண் கொட்டாமல் பார்த்தார். உள்ளே வடித்து வைத்த சோறு ஆறிக்கொண்டிருந்தது. முக்காலியில் இருந்த அவளுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது, வால்வு தெரியவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"என்ன, பிடிக்குதா?" என்றாள்.

"இரு," என்றார் அவர் திரும்பாமல். "சோறு வேகட்டும்."